அடைப்புக்குறி இல்லாத ஃப்ளாட்

ஒரு சிரிப்புக் கதை சொல்கிறேன். ஆனால் சிரிப்பு உடனே வராது. நடுவில் எனக்கே சிரிப்பு வராத இடம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டித்தான் போகவேண்டும்.

எங்கள் கோயில் பாடகர் குழுவை நடத்துபவர் கிரேனாப் டீச்சர். ஆசீர் அண்ணன் அவரிடம் இருபது வருஷமாக இசை படிக்கிறார். கல்லூரியில் அவரே வாத்தியார்தான். ஆனால் டீச்சர் முன்னால் இன்னும் நின்றுகொண்டுதான் பேசுவார். மாசிலாமணி உபதேசியார் என்ற பழைய சபை ஊழியர் அந்தக் காலத்தில் பைபிள் சங்கீதம் ஒன்றுக்கு நான்கு குரலில் இசை எழுதிவைத்திருந்தார். மூன்று கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, அடிக்குறிப்புகளோடு அதை அச்சில் கொண்டுவர அண்ணன் ஐந்து வருஷம் உழைத்தார்.

அன்று காலை கடைசி புரூஃபோடு வந்தார். டீச்சர் கையெழுத்துப் போட்டதும் அச்சுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி. நான் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடுகிறவள். பயிற்சிக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தேன்.

டீச்சரின் விரல் கடைசிப் பக்கத்தில் நின்றது.

“இந்த ஆமென்ல டெனருக்கு ஃப்ளாட் எங்கேருந்து வந்துச்சு?”

டெனர் என்பது ஆண்களின் மேல்குரல். ஃப்ளாட் என்பது சுரத்தை அரைப்படி இறக்கச் சொல்லும் குறி. அது இருந்தால் அந்தப் பாட்டு அழுதுகொண்டே முடியும். இல்லாவிட்டால் ஆறுதலாக முடியும்.

“உபதேசியார் பிரதியில இருக்கா?”

“இல்ல டீச்சர்.”

“மத்த ரெண்டுலயும்?”

“இல்ல. எழுத மறந்திருக்காங்க.”

“அப்படி உனக்குத் தோணினா அடைப்புக்குறிக்குள்ள போடு. பதிப்பிச்சவன் யூகம்னு பாடுறவனுக்குத் தெரியணும்லா?”

“யூகம் இல்ல டீச்சர். சாட்சி இருக்கு.”

அடிக்குறிப்பைக் காட்டினார். ‘உபதேசியாரிடம் சிறு வயதில் பாடிய திருமதி தாயம்மாள் எபனேசர், வயது 91, தொலைபேசியில் உறுதிசெய்தது.’

தாயம்மாள் எபனேசர் நான்தான்.

எங்கள் கோயில் ஆயர் இருமுவதிலிருந்து ஆர்மோனியத் துருத்தி இழுப்பதுவரை எல்லாச் சத்தமும் எனக்கு வாயில் வரும். உபதேசியாரிடம் பாடிய யாராவது உயிரோடு இருந்தால் கூப்பிடச் சொல்லி, சபைப் பத்திரிகையில் அண்ணன் நம்பர் போட்டிருந்தார். சித்தி போனிலிருந்து பொக்கைவாய்க் குரலில் கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷம் பேசிவிட்டு, “அண்ணே, நான் பெனிட்டா” என்று சொல்லிச் சிரிப்பதாகத்தான் திட்டம். ஆனால் அந்தப் பக்கம் அவர் சந்தோஷத்தில் அழ ஆரம்பித்துவிட்டார். பயந்து போனை வைத்துவிட்டேன். அதோடு மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது வாயைத் திறந்தால் அண்ணன் உடைந்துபோவார். திறக்காவிட்டால் என் பொய் அச்சாகும். நூறு கோயிலில் அந்த ஆமென் என்னால் அழும்.

டீச்சர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடவில்லை.

“அந்தம்மாகிட்ட என்ன கேட்ட?”

“அங்க ஃப்ளாட் உண்டுதானே பாட்டின்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஆமாய்யான்னாங்க.”

“பொறகு?”

“அழுத மாதிரித்தானே முடியும்னு கேட்டேன்.”

“அதுக்கு?”

“ஆமாய்யா.”

“அவங்களா ஏதும் சொன்னாங்களா?”

அண்ணன் முகம் சிவந்தது. “தொண்ணூத்தொரு வயசு டீச்சர். அவங்களப் போயி சந்தேகப்படுதீங்களே! அச்சகத்துல மெஷின நிறுத்தி வச்சிருக்கான். கையெழுத்துப் போடுங்க.”

“போடுதேன். ஒரு தடவ கண்ண மூடிக்கிட்டு, போன்ல கேட்ட மாதிரியே கேளு. ஆனா கேள்விய மட்டும் திருப்பிப் போட்டுக் கேளு.”

“விளையாடுதீங்களா?”

“கேளுலே.”

அவர் கண்ணை மூடினார். என் விளையாட்டெல்லாம் தெரிந்த டீச்சர் என்னைப் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. பாட்டில் நான் பாடவேண்டிய இடம் வரும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“பாட்டி…” என்றார் அண்ணன். “அந்த எடத்துல ஃப்ளாட் கிடையாதுதானே?”

அவர் முகத்தைப் பதில் வரும் பக்கமாகத் தூக்கி வைத்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

“ஆமாய்யா,” என்றேன், பல் ஒன்றுகூட இல்லாமல். “கிடையவே கிடையாதுய்யா.”

அண்ணன் கண்ணைத் திறந்தார். முதலில் வாசலைப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“அப்போ… அன்னைக்கு நான் கேட்டது இவ குரலா டீச்சர்?”

“இல்ல ஆசீர்,” என்றார் டீச்சர். “இவ எல்லார் குரலும் எடுப்பா. அன்னைக்கு எடுத்தது உன் குரல.”