பதினோரு தடவை போன வாக்கு

யாருமே கொடுக்காத வாக்கு ஒன்று ஒரு கடன் கம்பெனியிலிருந்து பதினோரு தடவை வெளியே போனது. அது எப்படிப் போனது, பிறகு மூன்று பேர் என்ன செய்தார்கள் என்பது வரைக்கும் நான் சொல்கிறேன். அதற்கு மேல் நீங்கள்தான் வாய் திறக்க வேண்டும்.

செண்பகவல்லி கோவில்பட்டிப் பெண். இன்ஜினியரிங் கடைசி வருஷம். கிண்டியில் இருந்த அந்தக் கம்பெனிக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்திருந்தாள். ‘உங்கள் கடன் ஒப்புதலாகிவிட்டது, மூன்று நாளில் பணம் கணக்கில் வரும்’ என்று போனுக்குத் தானாகச் செய்தி வருமே, அதை அனுப்புகிற புரோகிராம் எழுதுவதுதான் அவள் வேலை. மேலே இருந்து வேலை வாங்கியவர் வைதேகி மேடம். தங்கமான மனுஷி. ஆனால் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: “டெஸ்ட் பண்றப்போ உன் சொந்த நம்பருக்கு மட்டும்தான் அனுப்பணும்.”

பயிற்சி முடிகிற வாரம் வந்தது. யார் யாருக்கு வேலை என்று வெள்ளிக்கிழமை தெரிந்துவிடும். “உன் பேர் லிஸ்ட்ல இருக்கும்மா, கவலைப்படாதே” என்று மேடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி, கல்லூரிக்கு வந்த வேறொரு கம்பெனியின் நேர்காணலுக்கு செண்பகம் போகாமல் விட்டுவிட்டாள். விட்ட நாளிலிருந்து அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடிக்கப் பாட்டிலோடு எழுந்து போவாள், பிடிக்காமலே திரும்பி வருவாள்.

திங்கட்கிழமை. சோதனைச் செய்திகள் வந்து வந்து அவள் போன் ஓயாமல் அடித்தது. பக்கத்து நாற்காலியில் நவாஸ். வாணியம்பாடிப் பையன், அவனும் பயிற்சிக்கு வந்தவன்தான்.

“என் பழைய நம்பரைப் போடு. சிம்மைத் தூக்கிப் போட்டு ஒரு வருஷம் ஆச்சு. செத்த நம்பர்.”

“செத்துப்போச்சுன்னு உனக்கெப்படித் தெரியும்?”

“நான்தானே கொன்னேன்!”

சிரித்துக்கொண்டே போட்டாள். பதினோரு தடவை அனுப்பிப் பார்த்தாள். ஒரு பிசகும் இல்லை.

தூக்கிப் போட்ட நம்பரைப் போன் கம்பெனிக்காரன் சும்மா பூட்டியா வைப்பான்? வேறு ஆளுக்குக் கொடுத்திருந்தான்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அந்த ஆள் வந்து நின்றார். பொன்னுரங்கம், பொழிச்சலூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். போன மாதம் கடைத்தெருவில் குடை நட்டு உட்கார்ந்திருந்த இந்தக் கம்பெனி ஆளிடம், கிரைண்டர் வாங்கக் கடன் வேண்டுமென்று நம்பர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முன்னறைப் பெண் தேடிப் பார்த்தாள். அவர் பெயரில் விண்ணப்பமே இல்லை.

“ஒரு தடவ சொன்னாலே நம்புற ஆளும்மா நானு. பதினோரு தடவ சொல்லிகீறீங்க, இந்தா பாரு.”

“செக் பண்ணிச் சொல்றோம் சார், உக்காருங்க.”

“எம் பொண்டாட்டிக்கு மகளிர் குழுவுல இந்த மாசம் கடன் வாங்குற முறை. உங்க பணம் வருதேன்னு பக்கத்து வூட்டம்மாவுக்கு வுட்டுக் குடுத்துட்டா. சாயந்திரம் நாலு மணிக்கு அந்தம்மா கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது, எங்களுக்கு அடுத்த வருசம்தான். கிரைண்டர் ஒடஞ்சு பத்து நாளா அடுப்பே சரியா எரியல. வருமா வராதா? அத்த மட்டும் சொல்லுங்க.”

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று செண்பகம் அத்தனையும் கேட்டாள். நவாஸிடமும் மேடத்திடமும் ஓடிப்போய்ச் சொன்னாள்.

“வாயைத் திறந்தேன்னு வை, நாளைக்கு நம்ம ரெண்டு பேர் பேரும் லிஸ்ட்ல இருக்காது” என்றான் நவாஸ்.

மேடம் எழுந்து வெளியே போனார். “ஒரு வாரம் டைம் குடுங்க சார். நானே முன்னாடி நின்னு வாங்கித் தர்றேன்.” கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற பிரிவு அவருடையது இல்லை. ஆனாலும் மனசாரத்தான் சொன்னார். “எழுதிக் குடுங்க, போறேன்” என்றார் பொன்னுரங்கம். எழுதிக் கொடுக்க யாரும் வரவில்லை. மனுஷன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். செண்பகம் நாலு தடவை கதவு வரை போனாள், நாலு தடவையும் திரும்பினாள்.

இரண்டரைக்கு நவாஸ் கீழே ஏ.டி.எம்முக்குப் போய், தன் பயிற்சிச் சம்பளம் எட்டாயிரத்தையும் எடுத்து வந்து அவர் கையில் வைத்தான். “முன்பணம் சார். மீதி ஒரு வாரத்துல.”

“கம்பெனி பணந்தானே?”

“ஆமா சார்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு நவாஸோடு லிஃப்டுக்குப் போனார். அப்போதுதான் செண்பகம் ஓடினாள்.

“அண்ணாச்சி, நில்லுங்க! அந்தப் பதினொண்ணும் நான் சோதனைக்கு அனுப்பினது. உங்களுக்குக் கடன் இல்ல. இந்தப் பணம் இவன் சொந்தப் பணம். நாலு மணிக்குள்ள குழுவுக்குப் போய்ச் சேருங்க!”

“வெளாட்றதுக்கு நாங்கதான் கெடச்சோமா?” தளமே அதிரக் கத்தினார். பணத்தை நவாஸின் காலடியில் வீசிவிட்டுப் படியிறங்கி ஓடினார். மணி இரண்டே முக்கால்.

கூச்சல் கேட்டு மேலதிகாரி வந்தார், எல்லாம் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் பயிற்சிக்கு வந்த இருவர் பெயரும் இல்லை. மேடத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம்.

“நான் வாங்கித் தந்திருப்பேன் செண்பகம்” என்றார் மேடம்.

“மூணு பேர் பொழைப்பைக் கெடுத்தே. இப்போ நிம்மதியா?” என்றான் நவாஸ்.

ஒருவர் வாங்கித் தருகிறேன் என்றார். ஒருவன் கைக்காசைக் கொடுத்தான். ஒருத்தி மூன்று பேர் பிழைப்பையும் பார்க்காமல் உள்ளதைச் சொன்னாள். சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: மூன்று பேருக்குமே நல்ல மனசு, அதனால் மனசை வைத்து இதை அளக்க முடியாது. பொன்னுரங்கம் கேட்டது வருமா வராதா என்று மட்டும்தான். மேடம் தன் கையில் இல்லாததைத் தருவதாகச் சொன்னார். அந்தச் செய்திகள் செய்ததும் அதையேதான். நவாஸ் காசு கொடுத்து அந்தப் பொய்க்குக் காலூன்ற இடம் கொடுத்தான். கேட்டதற்குப் பதில் சொன்னவள் செண்பகம் ஒருத்திதான், அதனால் அவள் செய்ததே சரி. ஆனால் பத்தரைக்கே தெரிந்ததை இரண்டே முக்காலுக்குச் சொன்னாள். பஸ் பிடித்து அவர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து. குழு நோட்டில் பக்கத்து வீட்டம்மாவின் கையெழுத்து மை காய்ந்துகொண்டிருந்தது.