ஒரே கையெழுத்து

"கொள்ளையடிக்கிறாங்க, குருவே! பட்டப்பகல்ல!"

வந்த வேகத்தில் பொன்னுரங்கம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மென்பொருள் எழுதக் கற்றுக்கொடுத்த வல்லபிக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் குரு குருதான்.

பார்வையற்றவர்களுக்குத் தமிழ்ப் புத்தகங்களை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை அவர் நடத்தி வந்தார். இலவசம். யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அதற்கு இணையத்தில் இடம் கொடுத்திருந்த கம்பெனி திடீரென்று ஒரு நிபந்தனை போட்டது. பதிப்புரிமையை எங்களுக்கு எழுதிக் கொடு, இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்.

"காலி பண்ணிடுங்க," என்றாள் குரு.

"பண்ணத்தான் போறேன். ஆனா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காம போக மாட்டேன்!"

"சொல்லுங்க. நான் டைப் பண்றேன்."

பொன்னுரங்கம் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"ஊரான் எழுதினதுக்கு நீ யாருய்யா சொந்தக்காரன்? இடம் கொடுத்துட்டா எல்லாம் உன்னுதாயிடுமா? பயன்படுத்த அனுமதி கேளு, சந்தோஷமா தர்றோம். எழுதினவனோட உரிமையையே கேட்கிறியே, வெட்கமா இல்ல?"

வயிறெரிந்து சொன்னார். குரு ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

"உங்க மென்பொருளை எழுதினது யார் யாரு?"

"ஊர் ஊரா ஏகப்பட்ட பேர்."

"அப்போ அத்தனை பேர் கையெழுத்தும் வேணுமே. கம்பெனிக்குக் கிடைக்காதே."

"அதெல்லாம் வேண்டாம். என் ஒரே கையெழுத்து போதும். உரிமையை எனக்கு எழுதிக் கொடுத்தாத்தான் அவங்க எழுதினதைச் சேர்ப்பேன். பாளையங்கோட்டைப் பொண்ணு ஒருத்தி, பார்வை கிடையாது, அருமையா ஒரு திருத்தம் அனுப்பினா. எழுதித் தர மாட்டேன்னு சொல்லிட்டா. போடின்னு விட்டுட்டேன்."

குரு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

பொன்னுரங்கத்தின் சட்டைப் பையில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். அவருடைய மென்பொருளின் பக்கம். உரிமையை எழுதித் தரச் சொல்லும் அவருடைய நிபந்தனைக்குக் கீழே, எல்லோரும் கருத்துச் சொல்லும் இடத்தில், புதிதாக ஒன்று வந்திருந்தது.

"ஊரான் எழுதினதுக்கு நீ யாருய்யா சொந்தக்காரன்?"

அவர் முகம் சிவந்தது.

"இது கம்பெனிக்குப் போக வேண்டியதும்மா!" என்று கத்தினார்.

"அங்கேயும் போயிருக்கு," என்றாள் குரு.