தீ வாசனைச் சட்டம்

ஒரு அடுக்களையில் ஒரு நாள் ஜன்னல் திரை பற்றி எரிந்தது. திரை பாதி போயிற்று. பக்கத்தில் மாட்டியிருந்த முறம் முழுசாகவே போயிற்று. யார் வைத்த தீ என்று தெரியவில்லை. எல்லோரும் நடுங்கிப் போனது நிஜம். அதில் பொய்யில்லை.

நடுக்கம் அடங்குவதற்குள் பாத்திரங்கள் கூடிச் சட்டம் போட்டன. தீ வாசனை அடிக்கிற யாரையும் பிஸ்கட் டப்பா பிடித்து உள்ளே போட்டு மூடலாம். காரணம் சொல்ல வேண்டாம். ஆறு மாதம் திறக்கவும் வேண்டாம்.

"தப்பான ஆள் உள்ளே போய்விட்டால்?" என்று வடிகட்டி கேட்டது.

"ஓட்டை வாயை மூடு! முறம் சாம்பலாகிக் கிடக்கிறது, உனக்கு நியாயம் பேசணுமா?" என்று எரிந்து விழுந்தது தாளிக்கும் கரண்டி. சட்டத்துக்கு முதலில் கை தூக்கியதும் அதுதான்.

அன்றே தீப்பெட்டி உள்ளே போயிற்று. பாத்திரங்கள் கைதட்டின. மறுநாள் ஊதுபத்தி. "அதுவும் ஒரு மாதிரிதான்" என்று பேசிக்கொண்டன. மூன்றாம் நாள் கரித்துணியைப் பிடித்தபோதுதான் கரண்டி குறுக்கே வந்தது. சூடான பாத்திரங்களை இறக்கி இறக்கி, கரித்துணியின் மேலெல்லாம் தீய்ந்த ஓட்டைகள்.

"டப்பா அண்ணே, அதெல்லாம் நமக்காகச் சுட்டுக்கொண்ட காயம்."

"அதை அது நிரூபிக்கட்டும்."

"உள்ளே அடைத்துவிட்டால் எப்படி நிரூபிக்கும்?"

"அது அதன் கவலை. ஆமாம், உனக்கென்ன அதன் மேல் இவ்வளவு கரிசனம்?"

கரண்டி நகர்ந்து வழிவிட்டது.

டப்பாவுக்குள்ளிருந்து கரித்துணி கூப்பிட்டது: "கரண்டியக்கா, ஒரு வார்த்தை சொல்லேன்! தினமும் உன்னை அடுப்பிலிருந்து இறக்குவது யார்? நீ சொன்னால் விட்டுவிடுவார்கள்."

கரண்டி காதில் விழாத மாதிரி திரும்பிக்கொண்டது. எதிரே எவர்சில்வர் தாம்பாளத்தில் தன் அடிப்பாகம் தெரிந்தது. கன்னங்கரேலென்று கரி. எத்தனை வருஷத்துக் கடுகு, எத்தனை வருஷத்து நெருப்பு!

ஓடிப்போய்க் குழாயடியில் நின்று தேய்க்க ஆரம்பித்தது. தேங்காய் நார் பிய்ந்தது. சோப்புத்தூள் தீர்ந்தது. கை வலிக்க வலிக்கத் தேய்த்தது. சாயங்காலத்துக்குள் புதுசு மாதிரி ஆகிவிட்டது. அப்பாடா என்று நிமிர்ந்தபோது, பின்னால் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

"பளபளவென்று இருக்கிறாயே, கரண்டி," என்றது டப்பா. "எதை அழித்தாய்?"