காணாமப் போன கறுப்பாயி

ஒரு ஊர்ல ஒரு எருமை காணாமப் போச்சு. எருமைக்காரி பேரு பேச்சியம்மா. ம் கொட்டுடி, நான் என்ன சுவத்துக்கா கதை சொல்றேன்? ம், அப்படி.

நிறைமாச எருமை. இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போடணும். முள்ளுக்காட்டுல போட்டுச்சுன்னா நரி விட்டு வைக்குமா? பேச்சியம்மா, தமுக்கு அடிச்சு சேதி சொல்ற சங்கிலிகிட்ட ஓடுனா. பொழுது சாயுறதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லுங்கண்ணேன்னு கெஞ்சுனா.

இந்தச் சங்கிலி இருக்காரே, வாத்தியார் வச்சு அணி இலக்கணம் படிச்சவரு. பேச்சுக்கு நகை போட்டு அழகு பார்க்குற வித்தை அது. நாக்கு சும்மா கிடக்குமா? டம டம டம. கொம்பால நிலாவைக் குத்துற எருமை, ஒரே மூச்சுல ஏரியைக் குடிக்கிற எருமை காணோம்னாரு. ஊரே வானத்தை அண்ணாந்து பார்த்துச்சு, எருமையை ஒருத்தரும் தேடல. கேட்டா, இது உயர்வு நவிற்சி, உள்ளதை ஊதிப் பெருசாக்கிச் சொல்றதுங்கிறாரு.

அப்புறம் கீழத்தெருவுல டம டம டம. மேகம் போல நிறம், குவளைப் பூப் போல கண்ணு, அன்னம் போல நடைன்னாரு. அங்க பொண்ணு தேடிட்டு இருந்த ஒருத்தன் ஓடி வந்து, எந்த வீட்டுப் பொண்ணுன்னு கேட்டுட்டான். சிரிக்காதடி, பேச்சியம்மா அங்க அழுதுட்டு நிக்கிறா. இவரு மட்டும், இது உவமை, ஒண்ணை இன்னொண்ணு போலன்னு சொல்றதுன்னு மீசையைத் தடவுறாரு.

அப்போ பேச்சியம்மா தமுக்கை வெடுக்குனு பிடுங்கிட்டா. டம். ஒரே அடி.

"என் எருமைக்கு இடது காது கிழிஞ்சிருக்கும். வால்ல முடி கிடையாது. பேரு கறுப்பாயி. கூப்பிட்டா திரும்பிப் பார்க்கும்."

அந்த வழியா வந்த உப்புக்காரர் கழுதையை நிறுத்துனாரு.

"அதை மத்தியானமே ஓடைக்கரைப் புதர்ல பார்த்தேனே, தாயி. இவரு தேடுறது ஏதோ தேவலோகத்து எருமைன்னு நெனச்சு, பேசாம வந்துட்டேன்."

குடுகுடுன்னு ஓடுனாங்க. புதருக்குள்ள கறுப்பாயி கன்னை நக்கிட்டு நிக்குது. பத்தடி தள்ளி நரி! சங்கிலி தமுக்கைத் திரும்ப வாங்கி, வாயைத் திறக்காம டமடமடமன்னு அடிச்ச அடியில, நரி விழுந்தடிச்சு ஓடிப் போச்சு. பேச்சியம்மா எருமையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா, சிரிச்சா.

திரும்பி வர்றப்போ, நான் பேசுனதுக்கும் ஏதாச்சும் பேரு இருக்காண்ணேன்னு கேட்டா. சங்கிலி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

"இருக்கு, தங்கச்சி. உள்ளதை உள்ளபடி சொன்னா இயல்பு நவிற்சி. வாத்தியார் முதல் நாளே சொல்லிக் குடுத்தாரு. அன்னைக்கு நான் தூங்கிட்டேன்."

அவரு தூங்கக் கூடாத நேரத்துல தூங்குனாரு. நீ தூங்க வேண்டிய நேரத்துல முழிச்சிட்டிருக்கே. எருமையும் தொழுவத்துக்கு வந்தாச்சு, கதையும் வந்தாச்சு. கண்ணை மூடு.