வெட்டாத வீடியோ

“இன்னியோட நான் நின்னுக்கிடுதேன் சார்.”

சண்முகவடிவு பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் இதைச் சொன்னாள். கம்ப்யூட்டர் லேபில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

நாற்பது வயதில், பிள்ளைகள் தலையெடுத்தபின், பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. சேர்ந்தவள் அவள். பாடமெல்லாம் வீட்டில், வீடியோவில். செய்முறைக்கு மட்டும் சனிக்கிழமை பஸ் பிடித்து லேபுக்கு வர வேண்டும்.

ஜெபசிங் சார் அவளைவிடச் சின்னவர். வாத்தியார்தான், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“ஏன்க்கா?”

“உங்க வீடியோவ அடுப்படியில வச்சு மனப்பாடமா பாத்துட்டேன். நீங்க அடிச்சா புரோகிராம் ஓடுது. அதையே இங்க வந்து நான் அடிச்சா, திரை பூரா சிவப்பு சிவப்பா தப்பு காட்டுது. உங்களுக்கு ஒரு தடவையாவது அப்படி வந்துருக்கா? இதுக்கெல்லாம் மூளை வேணும் சார். எனக்கு இல்ல.”

கண் கலங்கிவிட்டது. வீம்புக்காரி, துடைக்கவில்லை.

மனுஷன் ரெண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்ல வேண்டாமா? லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

“போன வாரப் பாடம்க்கா. வெட்டாதது.”

“அது எட்டு நிமிஷந்தானே?”

“வெட்டுன பொறவு எட்டு. பாருங்க.”

வீடியோவில் ஜெபசிங் அடித்தார். சிவப்பு. திருத்தினார். மறுபடியும் சிவப்பு. தலையைச் சொறிந்தார். “சவத்து மூதி” என்று தன்னையே வைதுகொண்டார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அப்போதும் சிவப்பு.

வடிவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே பார்த்தவள், சட்டென்று நாற்காலியை முன்னால் இழுத்தாள். தோளிலிருந்து பை நழுவியதுகூடத் தெரியவில்லை.

“ஐயோ சார், அங்க இல்ல! மேல பாருங்க, மேல! அடைப்புக்குறியத் திறந்துட்டு மூடாம விட்டுட்டீங்க!”

வீடியோவில் இருந்தவருக்குக் கேட்கவா போகிறது? அவர் பாட்டுக்குக் கீழேயே தேடிக்கொண்டிருந்தார்.

“இதை ஏன் சார் வெட்டுனீங்க?”

“வெக்கமா இருந்துச்சு.”

“எம்புட்டு நேரம் தேடுனீங்க?”

“பொழுது சாயுற வரைக்கும்.”

“கண்ணு முன்னாடியே இருக்கே சார்!”

“இருக்கு,” என்றார் ஜெபசிங். “அன்னிக்கு நீங்க பக்கத்துல இல்லையேக்கா.”