சனிக்கிழமை எண்ணெய்

"அவரேதான் கேக்குறாரு சிஸ்டர். கேட்டதைக் குடுத்தா அது எப்படிப் பாவமாகும்?"

மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த மருந்தகத்தில் வியாகுலம் சிஸ்டர் பழைய வேட்டியைக் கிழித்து, புண் கட்டும் துணியாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்டவள் செபஸ்தியாள். சிஸ்டரைவிட வயதில் மூத்தவள். ஆனாலும் படுக்கையில் கிடக்கும் புருஷனைப் புரட்டிப் போட, புண் கழுவ, கஞ்சி புரையேறாமல் ஊட்ட, எல்லாம் இந்தச் சிஸ்டரிடம்தான் கற்றுக்கொண்டாள்.

புருஷன் பெயர் இன்னாசி. வயிற்றில் புற்று.

"என்ன கேட்டாரு அக்கா?"

"அனுப்பிருன்னாரு."

"எங்கே?"

செபஸ்தியாள் வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதலேன்கிட்ட."

துணி கோணலாகக் கிழிந்தது.

மதலேன் இன்னாசியின் முதல் மனைவி. செபஸ்தியாள் அந்த வீட்டில் கால் வைப்பதற்கு முன்பே இறந்துபோனவள்.

"போட்டோவுல இருக்கா சிஸ்டர். இருதயநாதர் படத்துக்குப் பக்கத்துல. வாரா வாரம் நான்தான் தூசி தட்டுறேன். உசுரோட இருந்தா நாலு வார்த்தை கேட்டு, தீர்த்துக்கலாம். செத்தவளோட எப்படிச் சண்டை போடுறது? அவ திருப்பித் திட்டவும் மாட்டா. அவளுக்கு வயசும் ஏற மாட்டேங்குது."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செபஸ்தியாளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"கொழுந்தன் நாள் குறிச்சிட்டான். வர்ற சனிக்கிழமை. எண்ணெய் வாங்கி வச்சுட்டேன். இளநீர் அவன் கொண்டாரான்."

சிஸ்டர் சிரிப்பை நிறுத்தினார்.

அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எழுந்திருக்கவே மாட்டார் என்று ஆன ஆளுக்கு, விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் வைத்து, பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, இளநீரை வயிறு முட்டக் கொடுப்பார்கள். குளிர்ந்து, காய்ச்சல் கண்டு, ஆள் அடங்கிவிடுவார். யாரும் அதைக் கொலை என்று சொல்வதில்லை. குளிப்பாட்டினோம் என்பார்கள். ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்.

"கோயில் சாமியாரும்தான் வந்து செபம் சொல்லி எண்ணெய் பூசினாரு," என்றாள் செபஸ்தியாள். "அது மட்டும் எண்ணெய் இல்லையா?"

"எவ்வளவு பூசினாரு?"

"நெத்தியில ஒரு விரல். உள்ளங்கையில ஒரு விரல்."

"மறுநாள் எப்படி இருந்தாரு?"

"கஞ்சி கேட்டாரு."

"ம்."

"சரி, அது போகட்டும். டவுன் ஆஸ்பத்திரியில குழாய் சொருகி மிஷின்ல போடலாம்னு சொன்னப்போ, அதெல்லாம் இனிமே அவருக்குத் தொந்தரவுதான், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? அன்னைக்கு அது பாவம் இல்லை. இன்னைக்கு இது மட்டும் பாவமா?"

சிஸ்டர் சுருட்டிய துணியை டப்பாவில் வைத்தார்.

"மிஷின் வேண்டாம்னு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் காலையில கண்ணு முழிச்சாரு. நீங்க என்ன செஞ்சீங்க?"

"கஞ்சி வச்சுக் குடுத்தேன்."

"சனிக்கிழமை குளிப்பாட்டுறீங்க. ஞாயித்துக்கிழமை காலையில கண்ணு முழிக்கிறாரு. என்ன செய்வீங்க?"

"மறுபடியும் குளிப்பாட்ட..."



தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். செபஸ்தியாள் மடியில் கிடந்த துணியை உதறிவிட்டு எழுந்தாள்.

"உங்களுக்கென்ன சிஸ்டர். நீங்க யாருக்கும் ரெண்டாந்தாரமா வாக்கப்படல. அவகிட்டப் போகணுமாம், அதுவும் என் கையால அனுப்பணுமாம். அவ்வளவு அவசரம்னா போகட்டுமே."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குடையை மறந்துவிட்டாள்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிஸ்டர் அந்தக் குடையை எடுத்துக்கொண்டு செபஸ்தியாள் வீட்டுக்கு வந்தார்.

இன்னாசி கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சோடு மடங்கியிருந்தன. ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது.

"ஏ செபஸ்தி," என்றார். "ஏ செபஸ்தி."

"இந்தா இருக்கேன்," என்றாள் அவள்.

"ஏ செபஸ்தி. முடியல. அனுப்பிரு."

சிஸ்டர் குடையைச் சுவரில் சாய்த்தார்.

"நாள் முழுக்க இப்படித்தான் கூப்பிடுறாரா?"

"என்னைத்தான் சிஸ்டர். ஒரு நிமிஷம் நகர முடியாது. வாய்க்கு வாய் செபஸ்திதான்."

அதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. சிஸ்டர் அவள் முகத்தையே பார்த்தார்.

"வலி மாத்திரை குடுத்த பிறகு?"

"தூங்கிருவாரு."

"தூக்கத்துல யாரைக் கூப்பிடுவாரு?"

 செபஸ்தியாளின் கண் சுவரில் இருந்த போட்டோவுக்குப் போய் வந்தது.

"மாத்திரை எங்கே அக்கா?"

வெளியே ஒரு கோழி கொக்கரித்தது. அது நிற்கட்டும் என்று காத்திருப்பவள் போல அவள் நின்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். மதலேன் படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். மாத்திரை அட்டைகளை எடுத்தாள். ஓர் அட்டையில் மட்டும் இரண்டு மூன்று மாத்திரை குறைந்திருந்தது.

"எல்லாம் ஒரேயடியா நிறுத்தல சிஸ்டர். காலையில பாதி உடைச்சுக் குடுப்பேன்." கீழே இறங்காமல் ஸ்டூல் மேலேயே நின்று பேசினாள். "முழுசாக் குடுத்தா கண்ணு சொருகும். கண்ணு சொருகினா அவ வந்துருவா. சிரிக்கிறாரு சிஸ்டர், தூக்கத்துல. என்கிட்ட அப்படிச் சிரிச்சதில்ல."

"வலிச்சா?"

"வலிச்சா என் பேரைச் சொல்லுவாரு."

சிஸ்டர் திட்டவில்லை. கையை நீட்டினார். செபஸ்தியாள் அட்டைகளை அந்தக் கையில் வைத்தாள்.

"தண்ணி கொண்டாங்க."

மாத்திரையைக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். சிஸ்டர் செபமாலையை எடுத்து உருட்டினார். செபஸ்தியாளுக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை. சிஸ்டரே செபத்தின் இரண்டு பாதியையும் சொல்லிக்கொண்டார்.

கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல் ஒவ்வொன்றாக விட்டது.

பிறகு கால் நீண்டது. முதலில் ஒன்று. கொஞ்சம் கழித்து மற்றது. கட்டிலின் கடைசி வரைக்கும் போய், அதைத் தாண்டியும் நீண்டது.

செபஸ்தியாள் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரு இவ்வளவு நெட்டைன்னு மறந்தே போச்சு," என்றாள்.

"குதிங்கால் வெடிச்சிருக்கு பாருங்க," என்றார் சிஸ்டர். "எண்ணெய் இருக்கா?"

"இருக்கு." தயங்கினாள். "அது சனிக்கிழமைக்கு..."

"கொண்டாங்க."

நல்லெண்ணெய்ப் பாட்டில். மூடிகூடத் திறக்காமல் இருந்தது. சிஸ்டர் திறந்து கொஞ்சம் தன் உள்ளங்கையில் ஊற்றி, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கினார். ஒரு பாதத்தில் தேய்த்தார். பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

செபஸ்தியாள் மற்ற பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால்.

இன்னாசி சிரித்தார்.

"மதலேன்."

அவள் கை நின்றது.

"மதலேன்," என்றார் மறுபடியும். ஏதோ வேண்டும் என்பது போலக் கையைத் தூக்கித் துழாவினார்.

செபஸ்தியாள் பாதத்தை மெல்ல இறக்கி வைத்தாள். எழுந்து கதவுப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

"மதலேன். ஏ புள்ள."

 அவர் கை காற்றில் அலைந்தது.

"கூப்பிடுறாரே சிஸ்டர், என்னன்னு போய்க் கேளுங்களேன்."

"என்னையா கூப்பிட்டாரு?"

"என்னையும் இல்லையே."

சிஸ்டர் குனிந்து செபமாலையைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"இந்த வீட்டுல வேற யாரு இருக்கா அக்கா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தார். கதவடியில் செபஸ்தியாள் இல்லை.

*

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் கொழுந்தன் சவரி வந்தான். தோளில் ஒரு குலை இளநீர். கையில் அரிவாள். ராத்திரி தூங்காத கண்.

"தண்ணி எடுத்து வச்சாச்சா மதினி?"

"எடுத்து வச்சாச்சு. அடுப்புல காயுது."

"காயுதா? பச்சைத் தண்ணிதானே வேணும்."

"பச்சைத் தண்ணியில தொடைச்சா அவருக்குக் குளிரும்."

சவரிக்குப் புரியவில்லை. குலையை இறக்கி வைத்தான்.

"எண்ணெய்?"

"பாதி தீர்ந்துபோச்சு. கால்ல தேய்ச்சேன். வெடிப்பு."

"என்ன மதினி விளையாடுறீங்க? அண்ணன் படுற பாட்டைப் பாக்க முடியாமத்தானே இந்த முடிவுக்கு வந்தோம். என்கிட்டயும் கேட்டாரே, அனுப்பிருன்னு."

"நேத்து சாயங்காலத்துல இருந்து கேக்கல."

"வேற என்ன கேட்டாரு?"

"கஞ்சியில உப்பு கம்மின்னாரு."

சவரி வாசல்படியில் உட்கார்ந்தான். அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து செபஸ்தியாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு மதினி?"

"எனக்கென்ன தெரியும். அது நம்ம கணக்கா?" அரிவாளை அவன் மடியிலிருந்து எடுத்தாள். "வந்ததுக்கு ஒரு இளநீர் சீவிக் குடு. அழுதுகிட்டுச் சீவாத, கையை வெட்டிக்குவ."

அவன் ஒன்றைச் சீவிக் கொடுத்தான். அவள் டம்ளரில் ஊற்றி, ஒரு ஸ்பூனைப் போட்டு உள்ளே எடுத்துப் போனாள். அவனும் பின்னால் வந்தான்.

இன்னாசி மல்லாந்து கால் நீட்டிக் கிடந்தார். கண் பாதி மூடியிருந்தது. சுவரில் மதலேன் படம். புதிதாகத் துடைத்திருந்தது.

"மதலேன்," என்றார்.

சவரி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

"மனசுல வச்சுக்காதீங்க மதினி. அண்ணனுக்கு நினைப்பு தப்பிப்போச்சு. அவங்களைத்தான்..."

"என்னைத்தான் கூப்பிடுறாரு. தள்ளு."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் தலையைத் தூக்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, ஸ்பூனில் ஒரு வாய் இளநீர் எடுத்தாள்.

"என்னங்க," என்றாள்.