பத்தாயத்தின் மூடி

மாசிலாமணி சோற்றை நிறுத்தியதும் ஆற்றங்கரை மடத்தில் அவருக்கு மவுசு கூடிவிட்டது.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அவர் பந்திக்கு வரவில்லை. மறுநாள் குளிக்கப் போகவில்லை. அப்புறம் பேச்சும் நின்றது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வேறு இடமாக இருந்தால் மனுஷனுக்கு என்னமோ ஆகிப்போச்சு என்று பதறியிருப்பார்கள். இது மடமாயிற்றே! "ஆள் பழுத்துட்டார்" என்றார்கள். சமையல்காரர் அம்பலவாணர்தான் முதலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். பின்னாலேயே ஊர் திரண்டு வந்தது. வாசலில் கற்பூரம் எரிந்தது. கதம்ப மாலைகளைக் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

மாசிலாமணிக்கு எல்லாமே காதில் விழுந்தது. அட பாவிகளா, இது ஞானமில்லை என்று சொல்லத் தெம்பு இல்லை. செத்துப்போனால் தேவலை என்று மட்டும் தோன்றியது.

காசிக்குப் போயிருந்த குரு திரும்பி வந்தார். மாசிலாமணியைவிட இரண்டு வயது இளையவர். அறைக்குள் வந்து அவர் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாலைகளை அள்ளி மாட்டுக்குப் போட்டார். கார் வரவழைத்து, டவுனில் மனநோய்க்குப் பார்க்கிற டாக்டரிடம் தாமே கூட்டிக்கொண்டு போனார்.

"ஞானிக்கு மாத்திரையா?" அம்பலவாணர் வாயைப் பிளந்தார்.

"ஆமாம். சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்கணுமாம். முதல்ல சோத்தைப் போடுங்க."

மார்கழி முடிவதற்குள் மாசிலாமணி எழுந்து நடந்தார். ரசம் ருசித்தது. பேச்சும் வந்தது. வந்ததும் அவர் கேட்டது காவி.

"தைப்பூசத்துக்கு எனக்குக் காவி குடுத்துடுங்க சாமி. வீட்டு உறவை அறுத்துடறேன்."

வீட்டில் மனைவி தையல்நாயகி இருந்தாள். ஏழு வயதில் கபிலன் என்று ஒரு மகன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பி வந்தவர்தான் இவர். இருக்குமிடம் தெரிந்ததிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பையன் மடத்துக்குப் போன் பண்ணுவான். "அப்பா தவத்துல இருக்கார் தம்பி" என்று அம்பலவாணர் வைத்துவிடுவார். மாசிலாமணி பக்கத்து அறையில் காதைப் பொத்திக்கொள்வார்.

குரு அப்போது மடத்துப் பத்தாயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நெல் கொட்டி வைக்கிற, இடுப்பளவு மரப்பெட்டி. புது நெல் வரும் முன்னால் அதைத் துடைத்துக் காயவைப்பது குருவின் வேலை. அது அந்த மடத்து வழக்கம்.

"எதுக்கு அறுக்கணும்?"

"என் நிழல் பிள்ளை மேல படக்கூடாது."

"அது என்ன அப்படி ஒரு நிழல்?"

"எங்க தாத்தா இப்படித்தான் சுவரைப் பார்த்துப் படுத்தார். அப்புறம் அப்பா. இப்ப நான். எங்க ரத்தத்துலயே இருக்கு சாமி."

"உங்க ரத்தத்துல எல்லாருக்குமா?"

மாசிலாமணி யோசித்தார். "சித்தப்பா தப்பிச்சுட்டார். கைக்குழந்தையிலயே அவரை அவரோட அத்தை தூக்கிட்டுப் போய்ச் செல்லமா வளர்த்தாங்க. அவருக்கும் எப்பவாவது முகம் சுண்டிப்போகும். நாலு நாள்ல எழுந்து சீட்டாடப் போயிடுவார்."

"உங்களை யார் வளர்த்தா?"

மாசிலாமணி எதிரே இருந்த பெட்டியைப் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு அஞ்சு வயசுல அம்மா போயிட்டாங்க. அப்பா படுத்துட்டார்னா என் சத்தமே ஆகாது. வீட்டுப் பத்தாயத்துல போட்டு மூடிடுவார். உள்ளேயிருந்து கூப்பிடுவேன். யார் வருவா?" குரு பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சாமி. என்னைப் படுக்கவைக்கிறது ரத்தமா, பத்தாயமா?"

குரு துடைப்பத்தை மூலையில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்தாயத்துக்குள் இறங்கினார். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மூடுங்க."

"என்ன சாமி விளையாட்டு இது?"

"மூடுங்கன்னு சொல்றேன்."

மாசிலாமணி மூடியைத் தூக்கினார். நல்ல கனம். பாதி வரைக்கும் இழுத்துவிட்டார். உள்ளேயிருந்து பழைய நெல்லின் வாசனை வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டார்.

"முடியல சாமி."

"மூடினா தைப்பூசம் வரைக்கும் காத்திருக்க வேணாம். நாளைக்கே காவி."

"காவியும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" கத்தியேவிட்டார். அந்தச் சத்தத்துக்கு அம்பலவாணர் கரண்டியும் கையுமாக ஓடிவந்து வாசலில் நின்றார். "உள்ள என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. பிள்ளை அப்பா, அப்பான்னு கூப்பிடும். கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். அப்புறம் கூப்பிடறதை விட்டுடும். விட்டுட்டா, அதுக்கப்புறம் திறந்து என்ன புண்ணியம்?"

குரு இருந்த இடத்திலிருந்தே தலையைத் திருப்பினார்.

"அம்பலவாணரே, அந்தப் பையன் இப்பவும் போன் பண்றானா?"

"முன்ன மாதிரி இல்லீங்க சாமி. கார்த்திகையிலேருந்தே குறைஞ்சுபோச்சு. ரெண்டு வாரம் வரவே இல்லை." அம்பலவாணர் மாசிலாமணியை ஒருதரம் பார்த்தார். "போன வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா இருக்காரான்னு கேட்டான்."

மாசிலாமணி மூடியைப் பிடித்தபடியே நின்றார்.

"அப்ப அவன் இன்னும் விடலை" என்றார் குரு.